எச்.எச்.சி.: செடியின் பெயரில் விற்கப்படும் ஒரு கன்னாபினாய்டும் அது உருவாகும் விதமும்

கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டுகள் இருப்பதாக வேதியியலாளர் கண்டறிந்திருந்தாலும், பொதுமக்களிடையே புழங்கும் பெயர்கள் இரண்டே: போதைக்குக் காரணமான டி.எச்.சி. என்னும் டெட்ராஹைட்ரோகன்னாபினால், போதை தராத சி.பி.டி. என்னும் கன்னாபிடியால். கன்னாபினாய்டு என்பது இச்செடியின் பெண்பூக்களை மூடியிருக்கும் நுண்ணிய பிசின் சுரப்பிகளில் உருவாகும் சேர்மங்களுக்கும், அவற்றை ஒத்த அமைப்பு உடையனவாக ஆய்வுக்கூடங்களில் ஆக்கப்படும் சேர்மங்களுக்கும் பொதுவாக வழங்கும் குடும்பப் பெயராகும். இக்குடும்பத்தில் அதிகம் அறியப்படாத ஓர் உறுப்பினரான ஹெக்சாஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக எச்.எச்.சி., 2021 வாக்கில் அமெரிக்கக் கடைகளுக்கும் அடுத்த ஆண்டில் ஐரோப்பியக் கடைகளுக்கும் வந்துசேர்ந்தது. மின்சிகரெட் குப்பிகளிலும் இனிப்பு மிட்டாய்களிலும் தெளிக்கப்பட்ட பூக்களிலும் ஏற்றி விற்கப்பட்ட அச்சரக்கின் உறைகளில் 'இயற்கையானது' என்றும் 'ஹெம்ப்பிலிருந்து பெறப்பட்டது' என்றும் அச்சிடப்பட்டிருந்தது. இந்த இரண்டு அடைமொழிகளில் பின்னது பாதி உண்மை. முன்னது உண்மைக்கு வெகுதொலைவில் உள்ளது. அது ஏன் என்பதை அறிய, அப்பொருள் செய்யப்படும் முறையைப் படிப்படியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஹெம்ப் எனப்படுவது தனியொரு செடியினம் அன்று. கன்னாபிஸ் சட்டைவா என்னும் ஒரே இனத்தில் நாருக்கும் விதைக்கும் வளர்க்கப்படும், டி.எச்.சி. குறைந்த வகைகளையே அச்சொல் குறிக்கிறது. டி.எச்.சி.யின் முதன்மை வடிவமான டெல்ட்டா-9 டி.எச்.சி. உலர்ந்த எடையில் 0.3 விழுக்காட்டைத் தாண்டாதிருந்தால் ஹெம்ப், தாண்டினால் போதைக் கஞ்சா என்பது 2018ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் தந்த வரையறை. கனடாவின் தாவரவியலாளர் எர்னஸ்ட் ஸ்மால், அமெரிக்கத் தாவரவியலாளர் ஆர்தர் குரோன்குவிஸ்டுடன் சேர்ந்து 1976இல் செடிகளை வகைப்படுத்துவதற்காக வரைந்த கோடு அது. அது இயற்கையில் காணப்படும் எல்லையன்று, வசதிக்காக வகுத்துக்கொண்டது என்பதை வரைந்தவர்களே மறைக்கவில்லை. வகைப்பாட்டியல் கட்டுரை ஒன்றின் எண் பின்னாளில் பல நாடுகளின் குற்றவியல் சட்டத்துக்குள் குடிபுகுந்தது வியப்புக்குரியது. எச்.எச்.சி.யின் வணிகமே அந்த எண்ணின் நிழலில் வளர்ந்தது எனலாம்.

இச்சேர்மம் புதிய கண்டுபிடிப்பு அன்று. 1890களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்டு ஆகிய மூவர் இந்தியாவிலிருந்து சென்ற சரஸ் என்னும் கஞ்சாப் பிசினை வடித்து ஆராய்ந்ததிலிருந்து கன்னாபினால் என்னும் சேர்மத்தின் வரலாறு தொடங்குகிறது. பிசின் பழசாகும்போது அதிலுள்ள டி.எச்.சி. காற்றோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை இழப்பதால் உண்டாகும் சிதைவுப்பொருளே கன்னாபினால் என்பது பின்னரே தெளிவாயிற்று. எனினும் முதலில் கைக்குக் கிடைத்தது அதுவாகையால், மற்றவை அதனை அடிப்படையாகக் கொண்டே பெயரிடப்பட்டன. கன்னாபினாலில் 26 ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. நான்கு கூடி 30 ஆனால் அது டெட்ராஹைட்ரோகன்னாபினால். ஆறு கூடி 32 ஆனால் ஹெக்சாஹைட்ரோகன்னாபினால். மூன்றிலும் கார்பன் அணுக்கள் 21, ஆக்சிஜன் அணுக்கள் 2.

அமெரிக்காவில் 1937ஆம் ஆண்டின் மாரிவானா வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், செடியில் போதையைத் தருவது எது என்னும் கேள்வி அரசின் கேள்வியும் ஆயிற்று. இலினாய் பல்கலைக்கழகத்தின் ரோஜர் ஆடம்ஸ், மினசோட்டாவில் காடாக வளர்ந்திருந்த ஹெம்ப்பின் சாற்றிலிருந்து கன்னாபிடியாலைப் பிரித்தெடுத்து, அதனை அமிலத்தோடு வினைபுரியச் செய்தால் போதைத் தன்மையுள்ள டெட்ராஹைட்ரோகன்னாபினால்களாக மாறுகிறது என்று 1940இல் காட்டினார். அவற்றின்மேல் ஹைட்ரஜனை ஏற்றி ஹெக்சாஹைட்ரோகன்னாபினாலைப் பெற்றதும் அதே ஆண்டின் வேலை. ஹைட்ரஜனேற்றம் அவருக்குக் கைவந்த கலை. அவர் பெயராலேயே இன்றும் வழங்கும் பிளாட்டினம் ஆக்சைடு வினையூக்கி 1920களில் அவரது ஆய்வுக்கூடத்தில் உருவானது. அக்காலத்தில் எச்.எச்.சி. ஒரு சரக்காக அன்றி, அமைப்பைத் துப்பறியும் கருவியாகவே பயன்பட்டது: மூலக்கூறில் இரட்டைப் பிணைப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாதபோது, ஹைட்ரஜனை ஏற்றி அப்பிணைப்பையே இல்லாமற் செய்துவிட்டால் அடியிலுள்ள எலும்புக்கூடு ஒன்றுதானா என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த இரட்டைப் பிணைப்பின் இடத்தை 1964இல் இஸ்ரேலில் யெஹியேல் காவோனியும் ரஃபேல் மெக்கூலமும் உறுதிசெய்த பின்னர், எச்.எச்.சி. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்விதழ்களின் பக்கங்களுக்குள்ளேயே உறங்கிக் கிடந்தது.

அதனை எழுப்பியது மருத்துவமோ அறிவியலோ அன்று, மலிவான மூலப்பொருள். 2018 டிசம்பரில் அமெரிக்கா இயற்றிய வேளாண் சட்டம் ஹெம்ப்பைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து விடுவித்ததோடு, அதன் சாறுகள், வழிப்பொருள்கள், கன்னாபினாய்டுகள், மாற்றியங்கள் அனைத்தையும் அதே வரையறைக்குள் சேர்த்துக்கொண்டது. சி.பி.டி.க்குப் பெருஞ்சந்தை காத்திருக்கிறது என்று நம்பிய உழவர்கள் 2019இல் தேவைக்கு மிஞ்சிப் பயிரிட்டனர், விலை சரிந்தது, கிடங்குகளில் சி.பி.டி. தேங்கியது. விற்காமற் கிடந்த அந்த வெண்ணிறப் படிகத்தை, போதை தருவதும் சட்டத்தில் பெயர் சொல்லித் தடுக்கப்படாததுமான வேறொன்றாக மாற்ற முடியுமா என்று பார்த்த வணிகருக்கு, ஆடம்ஸின் 1940ஆம் ஆண்டுக் கட்டுரைகளே வழிகாட்டி நூல்களாயின. முதலில் டி.எச்.சி.யின் இன்னொரு வடிவமான டெல்ட்டா-8 டி.எச்.சி., அதன் பின்னால் எச்.எச்.சி. எனச் சரக்குகள் ஒவ்வொன்றாய் வெளிவந்தன.

செய்முறையின் முதற்பகுதி வேளாண் பொருள்களைப் பதப்படுத்தும் எந்த ஆலையிலும் காணத்தக்கதே. அறுவடை செய்து உலர்த்திய பூக்களிலிருந்து பிசின் எத்தனால் கொண்டோ, மீமாறுநிலைக் கார்பன் டை ஆக்சைடு கொண்டோ கரைத்தெடுக்கப்படுகிறது. மீமாறுநிலை என்பது 31 டிகிரி செல்சியஸையும் வளிமண்டல அழுத்தத்தின் 73 மடங்கையும் தாண்டும்போது அவ்வாயு அடையும், திரவத்தைப் போல் கரைக்கவும் வாயுவைப் போல் ஊடுருவவும் வல்ல நிலை. கிடைத்த சாற்றைக் கடுங்குளிரில் வைத்து மெழுகுகளை உறையச் செய்து வடிகட்டுவர். செடியில் சி.பி.டி. பெரும்பாலும் அமில வடிவத்தில் இருப்பதால், சூடேற்றி அதன் கார்பாக்சில் தொகுதியைக் கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்றுவர். பின்னர் வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, படிகமாக்கினால் தூய சி.பி.டி. கிடைக்கிறது. செடிக்கு இக்கதையில் இருக்கும் பங்கு இவ்விடத்தோடு முடிந்துவிடுகிறது.

இதற்குமேல் நடப்பது வேதியியல் ஆலையின் வேலை. சி.பி.டி.யும் டி.எச்.சி.யும் ஒரே அணுக்களை ஒரே எண்ணிக்கையில் கொண்டவை, ஆனால் டி.எச்.சி.யில் மூடியிருக்கும் வளையம் ஒன்று சி.பி.டி.யில் திறந்து கிடக்கிறது. ஏற்றதொரு கரைப்பானில் அமிலம் சேர்த்தால் அந்த வளையம் மூடிக்கொள்கிறது. அது மூடும்போது இரட்டைப் பிணைப்பு ஒரே இடத்தில் நிற்பதில்லை. டெல்ட்டா-9, டெல்ட்டா-8 ஆகிய இரு வடிவங்களும், வளையம் வேறு பக்கமாக மூடிய 'ஐசோ' வகைகளும், இன்னும் பெயரிடப்படாத சிறு துணைப்பொருள்களும் கலந்த குழம்பே உண்டாகிறது. எந்த அமிலம், எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்பவற்றைப் பொறுத்து அக்கலவையின் விகிதம் மாறும். அதனைத் தூய்மைப்படுத்தாமல் அடுத்த படிக்கு அனுப்பும் ஆலை, எல்லாத் துணைப்பொருள்களையும் கூடவே அனுப்பிவைக்கிறது.

அடுத்த படியே எச்.எச்.சி.க்கு உரிய படி. டி.எச்.சி. மூலக்கூறின் ஒரு வளையத்தில் எஞ்சியிருக்கும் இரட்டைப் பிணைப்பின்மேல், உலோக வினையூக்கியின் துணையோடு, இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஏற்றப்படுகின்றன. கடலை எண்ணெயும் பருத்திவிதை எண்ணெயும் நிக்கல் வினையூக்கியின்மேல் ஹைட்ரஜன் ஏறி டால்டாவாக இறுகிய அதே வினைதான் இது; இங்கே நிக்கலுக்குப் பதிலாகப் பெரும்பாலும் கரித்தூளின்மேல் படியவைத்த பலேடியமோ பிளாட்டினமோ பயன்படுகிறது. உலோகத்தின் பரப்பில் ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டாகப் பிளந்து ஒட்டிக்கொள்கிறது. இரட்டைப் பிணைப்பும் அதே பரப்பில் வந்து படிகிறது. அணுக்கள் ஒவ்வொன்றாகக் கார்பனுக்கு மாறுகின்றன. நிறைவுற்ற மூலக்கூறு விலகிப்போக, உலோகம் மறுபடி வேலைக்கு ஆயத்தமாகிறது. இந்தப் படிகளின் வரிசையும் முக்கியமானது: வளையத்தை மூடாமல் சி.பி.டி.யின்மேலேயே ஹைட்ரஜனை ஏற்றினால் எச்.எச்.சி. கிடைக்காது, ஹைட்ரஜனேறிய கன்னாபிடியால் என்னும் வேறொரு குடும்பமே கிடைக்கும்.

தாளில் எளிதாகத் தோன்றும் இவ்வினை தொழிற்கூடத்தில் எளிதன்று. காற்றில் 4 விழுக்காடு முதல் 75 விழுக்காடு வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் ஹைட்ரஜன் தீப்பற்றக் கூடியது. ஹைட்ரஜனை உறிஞ்சிய பலேடியக் கரி, கரைப்பானின் ஆவியும் காற்றும் சேர்ந்திருக்கும் இடத்தில் தானே பற்றிக்கொள்ளும். மருந்துத் தொழிலில் இதற்கென வெடிப்பைத் தாங்கும் அறைகளும் அழுத்தக் கலன்களும் பயிற்சி பெற்ற ஆட்களும் உண்டு. கஞ்சாச் சாறு வடித்துப் பழகிய சிறு கூடங்களுக்கு இவையெல்லாம் புதியவை. வினை முடிந்தபின் உலோகத்தூளை வடிகட்டி நீக்கி, கரைப்பானை ஆவியாக்கி, மறுபடியும் காய்ச்சி வடித்தால், நிறமற்றதோ இளமஞ்சள் நிறமுடையதோ ஆன பிசுபிசுப்பான பொருள் எஞ்சுகிறது. வடிகட்டியில் தப்பிய நுண்ணிய பலேடியம் இப்பொருளில் தங்கிவிடுவதைப் புறக்கணிக்க இயலாது. மருந்துகளில் உலோக மாசுக்கான பன்னாட்டு வழிகாட்டு நெறி, வாய்வழி உட்கொள்ளும் பலேடியத்துக்கு நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பிட்டிருக்க, மூச்சோடு உள்ளே போவதற்கு 1 மைக்ரோகிராம் என்றே வரம்பிட்டுள்ளது. எச்.எச்.சி.யோ பெரும்பாலும் ஆவியாக்கி உறிஞ்சப்படும் சரக்காகவே விற்கப்பட்டது.

செய்முறையைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இவ்வினையின் உள்ளேயே பொதிந்திருக்கிறது. டி.எச்.சி.யில் இரட்டைப் பிணைப்பு இருந்தவரை ஒன்பதாம் எண் கார்பன் தட்டையாகக் கிடந்தது. ஹைட்ரஜன் ஏறியதும் அது நான்கு திசைகளிலும் கைநீட்டிய வடிவத்தை அடைகிறது; அதிலுள்ள மெத்தில் தொகுதி மேல்நோக்கியும் நிற்கலாம், கீழ்நோக்கியும் நிற்கலாம். அணுக்களின் இணைப்பு ஒன்றாகவே இருந்து, வெளியில் அவை நிற்கும் திசை மட்டும் வேறுபடும் இத்தகைய சேர்மங்களைப் புறவெளி மாற்றியங்கள் என்பர். எச்.எச்.சி.யில் அவை 9-ஆர் என்றும் 9-எஸ் என்றும் குறிக்கப்படுகின்றன. மூளையில் டி.எச்.சி. பற்றிக்கொள்ளும் சி.பி.1 என்னும் ஏற்பியில் 9-ஆர் வடிவம் நன்றாகப் பொருந்தி, டி.எச்.சி.யை ஒத்த விளைவைச் சற்றே குறைந்த வீரியத்தில் தருகிறது. 9-எஸ் வடிவமோ மிக மெலிதாகவே செயற்படுகிறது.

ஆகவே எச்.எச்.சி. என்று ஒற்றைப் பெயரில் விற்கப்படுவது உண்மையில் ஒரு பொருளன்று, இரண்டின் கலவை. அக்கலவையின் விகிதம், தொடக்கப்பொருள் டெல்ட்டா-8ஆ டெல்ட்டா-9ஆ என்பதையும், வினையூக்கியையும், கரைப்பானையும் பொறுத்து மாறுகிறது. ஓர் ஆலையின் ஒரு நாள் சரக்கில் 9-ஆர் மிகுந்திருக்கலாம். மறுநாள் சரக்கில் இரண்டும் சமமாக இருக்கலாம். உறையில் '25 மில்லிகிராம் எச்.எச்.சி.' என்று இரண்டிலும் ஒரேபோல அச்சிட்டிருந்தாலும் உடலில் அவை ஒரே அளவாக வேலைசெய்வதில்லை. மருந்தாக அங்கீகாரம் பெறும் எந்தப் பொருளிலும் புறவெளி மாற்றியங்களின் விகிதம் முன்கூட்டியே நிறுவப்பட்டு, ஒவ்வொரு தொகுதியிலும் சரிபார்க்கப்படும். இங்கே அந்தத் தகவல் உறையில் இடம்பெறுவதே அரிது. எச்.எச்.சி.யின் குறைகளுள் இதுவே முதன்மையானது. தூய்மையைப் பற்றிய வாதங்களெல்லாம் இதற்குப் பின்னரே வரவேண்டியவை, ஏனெனில் முழுத்தூய்மையான எச்.எச்.சி.யும் இந்த நிச்சயமின்மையிலிருந்து தப்புவதில்லை.

விற்பவர் சொல்லும் ஒரு சிறப்பு மட்டும் வேதியியலின்படி சரியானது. டி.எச்.சி. காலப்போக்கில் ஹைட்ரஜனை இழந்து கன்னாபினாலாக மாறுவதற்கு வாயிலாக அமையும் இரட்டைப் பிணைப்பு எச்.எச்.சி.யின் வளையத்தில் இல்லை. ஆகவே அது காற்றையும் ஒளியையும் கூடுதலாகத் தாங்கும், கடை அலமாரியில் நெடுநாள் கெடாமலிருக்கும். இது சரக்கைச் சேமிப்பவருக்கு நன்மை. உட்கொள்பவருக்கு அதனால் தனி நன்மை எதுவும் இல்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் எச்.எச்.சி. தெரியாது என்று பரவிய நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை. உடலில் அது டி.எச்.சி. மாறும் அதே பாதையில் மாறி, டி.எச்.சி.யின் சிதைவுப்பொருள்களை ஒத்த சேர்மங்களைத் தருவதால், நோயெதிர்ப்புப் புரதங்களைக் கொண்டு செய்யும் முதற்கட்டச் சோதனைகள் பலவும் இரண்டையும் குழப்பிக்கொள்கின்றன. இன்னும் கவலைக்குரியது, எச்.எச்.சி.யோடு அசெட்டேட் தொகுதியைச் சேர்த்து விற்கப்படும் எச்.எச்.சி.-ஓ என்னும் வழிப்பொருள். இவ்வகை அசெட்டேட்டுகளைச் சூடாக்கினால் நுரையீரலை அரிக்கக்கூடிய கீட்டீன் என்னும் வாயு உண்டாவது சோதனைகளில் தெரியவந்துள்ளது. 2019-20இல் அமெரிக்காவில் மின்சிகரெட் பயன்படுத்தியோரிடையே பரவிய நுரையீரல் பாதிப்பில் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ பதிவாயினர். அதில் வலுவாகச் சந்தேகிக்கப்பட்ட வைட்டமின் ஈ அசெட்டேட்டும் இதே குறையுள்ளது.

இயற்கைப் பொருள் என்னும் கூற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, ஹெம்ப்பின் விதையிலும் மகரந்தத்திலும் எச்.எச்.சி. சிறு சுவடாகக் கண்டறியப்பட்டிருக்கிறது என்பதே. சுவடு உண்மை, ஆனால் அதைப் பிரித்தெடுத்து ஒரு கடையின் அலமாரியைக்கூட நிரப்ப முடியாது. சந்தையில் உள்ள எச்.எச்.சி. அனைத்தும் கலனில் உருவானது. சிலவேளைகளில் அதில் ஹெம்ப்புக்குப் பங்கே இல்லாமலும் போகலாம்: ஒலிவெட்டால் என்னும் சிறு சேர்மத்தையும், எலுமிச்சை மணமுள்ள புல்லெண்ணெய்களில் காணப்படும் சிட்ரோனெல்லாலையும் இணைத்து, கஞ்சாச் செடியைத் தொடாமலே எச்.எச்.சி. செய்யும் வழியும் வேதியியலாளருக்குத் தெரிந்ததே.

சட்டங்கள் இதனைத் தாமதமாகவே பிடித்தன. 1971ஆம் ஆண்டின் ஐ.நா. மனமயக்கப் பொருள்கள் உடன்படிக்கை டெட்ராஹைட்ரோகன்னாபினாலின் மாற்றியங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. ஹெக்சாஹைட்ரோவை அது நினைக்கவில்லை, நினைக்க அன்று காரணமும் இல்லை. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் கூடுதலாக இருந்த காரணத்தாலேயே ஒரு பொருள் பல நாடுகளின் சட்டவலையில் சிக்காமல் நழுவியது. 2022 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னெச்சரிக்கை அமைப்பில் அது முதன்முறையாகப் பதிவாயிற்று. அதன் பிறகு ஆஸ்திரியா, பிரான்ஸ், செக் குடியரசு, ஜெர்மனி என நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைவிதித்தன. பிரான்சின் தடை 2023 ஜூனிலும் ஜெர்மனியின் தடை 2024 ஜூனிலும் நடைமுறைக்கு வந்தன. உலக நலவாழ்வு அமைப்பின் வல்லுநர் குழு 2024 அக்டோபரில் ஆராய்ந்து பரிந்துரைக்க, 2025 மார்ச்சில் வியன்னாவில் கூடிய ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் எச்.எச்.சி.யை அந்த உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில், டெல்ட்டா-9 டி.எச்.சி. இருக்கும் அதே அட்டவணையில், சேர்த்தது.

அமெரிக்காவின் போக்கு வேறு. அங்கே வழக்கு, பொருள் எங்கிருந்து வந்தது என்பதைச் சுற்றியே நடந்தது. ஹெம்ப்பிலிருந்து பெறப்பட்ட டெல்ட்டா-8 டி.எச்.சி. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்களுக்குள் அடங்கும் என்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 மே மாதத்தில் கருதியது. செடியில் இயற்கையாக இல்லாத, டி.எச்.சி.யின் அசெட்டேட் வடிவமான டி.எச்.சி.-ஓ கட்டுப்படுத்தப்பட்ட பொருளே என்று அடுத்த ஆண்டில் போதைப்பொருள் தடுப்பு முகமை கூறியது. 2025 நவம்பரில் ஹெம்ப்பின் வரையறை திருத்தப்பட்டு, செடிக்கு வெளியே தொகுக்கப்பட்ட அல்லது உற்பத்தி செய்யப்பட்ட கன்னாபினாய்டுகள் ஹெம்ப் என்னும் பெயருக்கு உரியன அல்ல என்றும், நுகர்வோர் கைக்குப் போகும் ஒரு கொள்கலத்தில் மொத்த டி.எச்.சி. வகைகள் 0.4 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றும், ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வரும்படி எழுதப்பட்டது.

இத்திருத்தம் ஆய்வுக்கூடங்களிடம் ஒரு புதிய வேலையை ஒப்படைக்கிறது: கையிலிருக்கும் மூலக்கூறு செடிக்குள் உருவானதா, வெளியே உருவானதா என்று சொல்ல வேண்டும். எச்.எச்.சி.யைப் பொறுத்தவரை இது கடினமன்று. மில்லிகிராம் கணக்கில் அது இருப்பதே கலனில் உருவானதற்குச் சான்று. ஒலிவெட்டாலின் எச்சம் இருந்தால் அது ஹெம்ப்பையே காணாத சரக்கு என்றும், 'ஐசோ' வகைகள் இருந்தால் சி.பி.டி.யை அமிலத்தில் இட்டு வந்த சரக்கு என்றும் வாயு வண்ணப்பிரிகை காட்டிக்கொடுக்கும். ஆனால் சி.பி.டி.யை மாற்றிச் செய்த டெல்ட்டா-9 டி.எச்.சி.யில் நிலைமை வேறு. அது செடியில் உருவாகும் டெல்ட்டா-9இன் அதே மூலக்கூறு. அதன் பிறப்பைச் சொல்லக்கூடியவை உடன்வந்த துணைப்பொருள்கள் மட்டுமே. சரக்கை நன்றாகத் தூய்மைப்படுத்தும் ஆலை அந்தச் சான்றையும் சேர்த்தே அகற்றிவிடுகிறது.